டான் கரையில் ஒரு சங்கிலி

தெற்கு ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் போனால் டான் ஆற்றங்கரையில் ஸ்தாரோசெர்காஸ்கயா என்ற ஊர் வரும். இன்றைக்குப் பார்த்தால் சாதாரண கிராமம்தான், ஆனால் டான் கொசாக்குகளுக்கு, அதாவது இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குதிரைவீரர் சமூகத்துக்கு, ஒரு காலத்தில் இதுதான் தலைநகரம். அடிக்கடி வெள்ளம் புகுந்ததால் 1805-இல் கொசாக் தளபதி பிளாத்தோவ் மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து நோவோசெர்காஸ்க் நகரை உருவாக்கித் தலைநகரை அங்கே கொண்டுபோய்விட்டார்.

இங்குள்ள பழைய தேவாலயத்தின் முகப்பில் தடித்த இரும்புச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. ரஷ்யப் பேரரசர் ஜாரை எதிர்த்துக் கலகம் செய்த கொசாக் தலைவர் ஸ்தென்கா ராசினை 1671-இல் கட்டிவைத்த சங்கிலி என்கிறார்கள். கூட வந்த கல்லூரிப் பையன்கள், எல்லாருமே கொசாக் வம்சம், ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அவரைப் பிடித்துக்கொடுத்தது யாரப்பா என்று கேட்டு வைத்தேன். மாஸ்கோ படை இல்லை, ராசினின் ஞானத்தந்தை கோர்னீல் யாக்கோவ்லெவும் அவர் கூட இருந்த கொசாக்குகளும்தான். "அவரும் எங்க ஆளுதான்" என்று ஒருவன் சிரித்தான், அடுத்த படத்துக்கு நின்றான்.

நோவோசெர்காஸ்க்கில் வேறு மாதிரி. கால்சட்டையில் ஓரமாகச் சிவப்புப் பட்டை ஓடும் சீருடையில் பதினைந்து, பதினாறு வயது மாணவர்கள் பெரிய தேவாலயத்தின் முன்னால் திரிகிறார்கள். பிளாத்தோவின் எச்சங்களை 1993-இல் இங்கேதான் மறுபடி அடக்கம் செய்தார்கள். நெப்போலியன் படையை அவர் விரட்டிய கதையை ஒரு மாணவன் ஒரு மூச்சில் ஒப்பித்தான். இதெல்லாம் தாத்தா சொன்னதா என்று கேட்டால், இல்லையாம், பள்ளிக்கூடத்தில் படித்ததாம், தாத்தா வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாராம். எப்படி எடுப்பார்? 1919 ஜனவரியில், புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக் கட்சி பிறப்பித்த ரகசிய உத்தரவு, பணக்காரக் கொசாக்குகளைக் கூண்டோடு ஒழிக்கச் சொன்னது. அதற்கப்புறம் நான் கொசாக் என்று சொல்லிக்கொள்வதே ஆபத்து என்று எத்தனையோ குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டன. வீட்டில் அறுந்துபோனதை 1990-களுக்குப் பிறகு சீருடையும் பாடப்புத்தகமும் ஒட்டவைக்கப் பார்க்கின்றன, ஒட்டவைக்கிறவர்களுக்கு எது வசதியோ அதுதான் முதலில் ஒட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. பிளாத்தோவைத் தெரிந்த அந்தப் பையனுக்கு பிலிப் மிரோனோவைத் தெரியவில்லை. அவரும் டான் கொசாக்தான், போல்ஷெவிக்குகளின் செம்படையில் தளபதி, 1921-இல் அந்த போல்ஷெவிக்குகள் கையாலேயே சிறையில் செத்தார். உள்நாட்டுப் போரில் செம்படையிலும் அதை எதிர்த்த வெண்படையிலும் கொசாக்குகள் இருந்தார்கள், ஒரே வீட்டிலிருந்தே இரண்டு பக்கமும் போனார்கள். எந்தப் பக்கத்துக் கொள்ளுத்தாத்தாவைக் கொண்டாடுவது?

கொஞ்ச தூரத்தில் அத்தமான் அரண்மனை. கொசாக் தலைவர்கள் இருந்த இடத்தில் சோவியத் காலத்தில் கட்சி அலுவலகம் இருந்தது. இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றியதற்காக ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்து ஊர்வலமாக வந்த ஜனங்களை 1962 ஜூன் 2-ஆம் தேதி இதன் முன்னால்தான் சுட்டார்கள், 26 பேர் இறந்தார்கள். சதுக்கத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டதும், "அது தொழிலாளர் விஷயம், கொசாக் விஷயம் இல்லை" என்றான் அதே பையன். அவனுடைய பாட்டி அந்த ரயில் எஞ்சின் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாராம்.