ஒட்டியாணம் கட்டிய வழக்கு

நேற்று இரவு எங்கள் வீட்டில் நடந்தது விடுகதையா, நீதிமன்ற விசாரணையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சின்னவளைக் கைபேசியிலிருந்து பிரித்தெடுக்க அத்தையிடம் உள்ள ஒரே ஆயுதம் விடுகதை. அதை எடுத்தார்.

“ஒட்டியாணம் கட்டிய பெண், ஓடியாடி வேலை செய்வாள், வேலை முடிந்தால் மூலையிலே முடங்கிக்கொள்வாள். அவள் யார்?”

இவர் உடனே குரலைக் குழைத்துக்கொண்டு, “வேறு யார், உங்கள் அம்மாதான்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கைதட்டலை எதிர்பார்த்திருப்பார் போலும். எனக்கு ஒட்டியாணம் எங்கே என்று கேட்டேன். அதன் பிறகு அவர் விசாரணையில் கலந்துகொள்ளவில்லை.

“விளக்குமாறு” என்று அத்தையே விடையைச் சொல்லி விளக்கவும் தொடங்கினார். ஈர்க்குகளைச் சேர்த்து இறுக்கிய கயிறுதான் ஒட்டியாணமாம். இந்த இடத்தில் கொழுந்தனார், தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்கிறது, அது இரண்டு வகைப்படும் என்று ஆரம்பித்தார். அவரை ஆரம்பிக்க விட்டால் இரண்டாவது வகைக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். நல்லவேளையாகச் சின்னவள் குறுக்கிட்டாள்.

“நம் வீட்டு விளக்குமாறு மூலையில் இல்லையே பாட்டி. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சரியான விடை ரோபோ.”

இவர் ஆசையாக வாங்கி வைத்திருக்கிறாரே, அந்த வட்டமான தானியங்கித் துப்புரவுக் கருவியைச் சொல்கிறாள். வீடெல்லாம் ஓடுகிறது. வேலை முடிந்ததும் மூலையில் இருக்கும் மின்னேற்றிக்குத் தானே போய் முடங்குகிறது. ஒட்டியாணம்? முன்பக்கம் வளைந்திருக்கும் மோதல் தாங்கியைக் காட்டினாள். அத்தை ஆடிப்போய்விட்டார்.

“என் விடுகதைக்கு என்ன வயது, இது நேற்றுப் பிறந்தது” என்று அத்தை மேல்முறையீடு செய்ய, பெரியவன் 2001இலேயே எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது என்றான். படிப்பைத் தவிர மற்ற எல்லா ஆண்டுகளும் அவனுக்கு மனப்பாடம்.

எனக்கோ வேறு எரிச்சல். ‘ஓடியாடி வேலை செய்வாள்’ என்ற வரியை அந்த வட்டத்துக்குத் தாரை வார்க்க என்னால் முடியாது. அது புறப்படுவதற்கு முன் காலுறை, கம்பி, பொம்மை, கொழுந்தனாரின் செய்தித்தாள் என்று எல்லாவற்றையும் தரையிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். அடியில் அகச்சிவப்பு உணரிகள் இருக்கின்றன. படியில் விழாமல் காப்பதற்காம். அவை கறுப்புத் தரைவிரிப்பைப் பார்த்ததும் கிணறு என்று நினைத்து நின்றுவிடுகின்றன. நேற்று வாங்கிய விரிப்பா அது! அதைச் சுருட்டிக் கட்டில்மேல் போட வேண்டும். போதாக்குறைக்குத் தூரிகையில் சுற்றிய தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பதும் நான்தான். இவ்வளவுக்கும் பிறகு, “சுத்தம் செய்யும் பணி நிறைவடைந்தது” என்று அது வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறது. நான் என்றைக்காவது அப்படி அறிவித்திருக்கிறேனா?

என் புலம்பலை அத்தை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் நான் புலம்பினால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்; நேற்று வரவில்லை. காலையில் புது விடுகதை தயார்.

“தான் வரும் வழியைப் பிறர் கூட்டவேண்டும், வந்து போனபின் தானே கூட்டியதாகத் தம்பட்டம் அடிப்பான். அவன் யார்?”

மாடி வீட்டு மாமா எதற்கோ படியிறங்கி வந்தார். சின்னவள் அவரிடம் கேட்டாள். மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தான் ஓய்வுபெறும்போது இருந்த மேலதிகாரியின் பெயரை முன்னெழுத்தோடு சொன்னார். அத்தை அதற்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்.