தேவநாதனுக்கு இருந்த பாக்கி

மழைக்காலத்தில் பையனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது, அம்மா ஒரு சாமியோடு நிறுத்தவில்லை. குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்குப் பேரனின் முடி. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரருக்கு அபிஷேகம். பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்தவர், "ஏம்மா, ஒரு சாமியைக் கும்பிட்டா போதாதா?" என்று கேட்டார். "எல்லாரும் வந்து எம்பிள்ளையப் பாக்கட்டுமே" என்றாள் அம்மா.

காலையில் விளக்கேற்றியதும் ஒரு பக்கமாவது கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவையோ அவர் வழி வந்தவர்களையோ படிப்பது என் பழக்கம். அந்த வழியில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஏதென்ஸில் பாடம் சொன்ன புரோக்ளஸ் (412-485). எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே என்று சொன்ன அவர், தெய்வங்கள் பல என்பதை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு தெய்வத்துக்குள்ளும் மற்ற எல்லாத் தெய்வங்களும் உண்டு, அந்தந்தத் தெய்வத்துக்கே உரிய விதத்தில் என்பார். காஸா ஊர்த் தெய்வத்துக்கும் எகிப்தின் ஐசிஸ் தேவிக்கும்கூடத் துதி பாடியிருக்கிறார். தத்துவம் படித்தவன் ஒரு ஊருக்கு மட்டும் பூசாரி இல்லை, உலகம் முழுவதற்கும் பூசாரி என்பது அவர் வாக்கு.

அவருடைய சீடர் மரினஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வரும். அஸ்கிளீப்பிகெனையா என்ற சிறுமி நோயில் விழுந்து, வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். அவள் அப்பா புரோக்ளஸிடம் ஓடுகிறார். புரோக்ளஸ் நேரே வைத்தியக் கடவுள் அஸ்கிளீப்பியஸ் கோயிலுக்குப் போய்ப் பழைய முறைப்படி வேண்டிக்கொள்கிறார். அப்போதே சிறுமிக்கு நோய் விலகிவிடுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை நினைத்து நினைத்து அழுதேன். அத்தனை பெரிய தத்துவ ஞானி கடைசியில் செய்ததும் என் அம்மா செய்ததும் ஒரே காரியம்தான்.

பையன் தேறினான். தையில் அம்மாவையும் அவனையும் கூட்டிக்கொண்டு பாண்டியிலிருந்து கடலூர் பஸ் ஏறினோம்.

முதலில் பாடலீஸ்வரர். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் பெருமான் கரையேறி வந்து நின்ற சன்னதி. அபிஷேகம் நிறைவாக நடந்தது. 'தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே' என்று அம்மா வாய்விட்டுச் சொன்னாள். பெரியநாயகியைச் சேவித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திருவந்திபுரம்.

அங்கேதான் சோதனை. தை முகூர்த்த நாள். மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள், வழியை மறித்து வீடியோ லைட்டுகள், கெடிலம் கரைவரைக்கும் வேன்கள். இறங்கின உடனே ஒருவன் பையனின் தோளைப் பிடித்து, "மொட்டைக்கா சார்? தரிசனமும் சேத்து சீக்கிரமா முடிச்சுத் தரேன்" என்றான். விலகிப் போனாலும் விடவில்லை, கூடவே வந்து தொகையைக் குறைத்துக்கொண்டே இருந்தான். கோயில் வாசலில் இப்படிப் பேரம் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மூட்டுவலியோடு அம்மா வெயிலில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

முடி இறக்கும்போது பையன் அசையவில்லை. காய்ச்சலில் வேர்வையோடு நெற்றியில் ஒட்டிக் கிடந்த அதே முடி, ஈரமாக என் மடியில் விழுந்தது. காதுக்குப் பின்னால் கத்தி லேசாகப் பட்டு ஒரு பொட்டு ரத்தம். அம்மா சந்தனத்தைக் குழைத்து அதன் மேல் அப்பினாள். சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் சேர்த்தோம்.

அப்புறம் சன்னதி. நெற்றிக்கண்ணும் சடைமுடியும் கையில் தாமரையும் இந்தப் பெருமாளுக்கு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'மூவராகிய ஒருவனை' என்று திருமங்கையாழ்வார் பாடியது இவரைத்தான். கிட்டப் போய் அதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். பட்டர் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டினார். ஒன்றையும் தேடத் தோன்றவில்லை. இவன் என்னைப் பார்க்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது. காலையில் பாடலீஸ்வரர் முன்னால் நின்றபோதும் குறையாக எதுவும் இல்லை, இங்கேயும் இல்லை. அங்கே ஈசன் முழுசாக இருந்தார், இங்கே பெருமாள் முழுசாக இருக்கிறார். புத்தகத்தில் வருஷக்கணக்காகப் படித்ததைப் பெருமாள் ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிட்டார். "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். பையன் மொட்டைத் தலையோடு கைகூப்பி, "தேங்க்ஸ் பெருமாளே" என்றான். பட்டர் சிரித்தபடி அவனுக்கு மட்டும் இரண்டாம் தடவை சடாரி வைத்தார். தாயே செங்கமலவல்லி, அந்தக் கைக்கு நான் என்ன செய்யப் போகிறேன்!

மலைமேல் ஹயக்ரீவரையும் சேவித்தோம். அம்மா படிக்குப் படி நின்று ஏறினாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

புரோக்ளஸ் போய் வேண்டிக்கொண்ட கோயில் பிற்பாடு இடிந்து போனது. 529-ல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் ஏதென்ஸில் தத்துவப் பாடமும் நின்றது. இங்கே வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் சேவித்த சன்னதியில் இன்றைக்கும் பெருமாளுக்குத் தளிகை நடக்கிறது, இன்றைக்கும் கூட்டம் நெரிகிறது. நெரியட்டும். வரிசையை ஒழுங்காக விட்டால் போதும், வயசானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டால் போதும்.

விஷம் குடித்து உயிர் பிரிகிற நேரத்தில் சாக்ரடீஸ் நண்பர் கிரிட்டோவிடம் சொன்ன கடைசிப் பேச்சும் பாக்கியைப் பற்றித்தான். அஸ்கிளீப்பியஸுக்கு ஒரு சேவல் தர வேண்டியிருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்றார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நல்ல மனுஷன்" என்றாள். அவள் முடிந்து வைத்த மஞ்சள் துணி இன்னும் பூஜை அலமாரியில் இருக்கிறது. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறோம்.