ஆற்றுக்கு எந்தப் பக்கம் நம்ம ஊர்?

மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு படிக்கும், பார்வை முழுவதும் இல்லாத ஒரு மாணவிக்கு நான் சிறப்பாசிரியர். வட்டார வள மையத்திலிருந்து சில நாட்கள்தான் போக முடியும். மற்ற நாட்களில் வகுப்பு ஆசிரியர்களும் பக்கத்தில் உட்காரும் தோழியும்தான் துணை.

பிரெயில் புத்தகம் வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பருவம் தொடங்கிய பிறகு வருவதும் உண்டு. அதுவரை சமாளிக்க, கணினியில் பிடிஎஃப்பைத் திறந்து திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வாசிக்கவிட்டால், யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கோத்த தமிழ்ப் பக்கமெல்லாம் உளறலாகக் கேட்கும். உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். இப்படி மாற்றிக்கொள்ள 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே இடம் தருகிறது. பதிப்பாளரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம்.

சரி, எழுத்து வந்தாச்சு. 'படத்தைப் பார்த்து விடையளி' என்று இருந்தால்? என் வேலையில் பாதி அங்கேதான் போகிறது. பூவின் பாகங்களுக்குப் படமே வேண்டாம், செம்பருத்தி போதும். மகரந்தத்தாள்கள் குழலாக ஒட்டியிருப்பதையும் நுனியில் பிரியும் ஐந்து சூலகமுடிகளையும் விரல் நுனியால் தடவியே சொல்லிவிட்டாள்.

வரைபடம் அப்படி இல்லை. ஆறு, மலை, மாவட்ட எல்லை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் ஒட்டினால் விரல் வழிதவறும். அதனால் வைகைக்கு மட்டும் தனி அட்டை: ஆற்றுக்குச் சணல், வருசநாட்டு மலைக்கு உப்புத்தாள், கடலுக்கு வழவழப்பான பாலிதீன், மதுரைக்குச் சட்டைப் பொத்தான். மலையிலிருந்து தேனி, மதுரை, ராமநாதபுரம் என்று தடவிக்கொண்டே போனவள், "மிஸ், ஆத்துக்கு எந்தப் பக்கம் நம்ம ஊரு?" என்றாள். பொத்தானுக்கு வடகிழக்கே ஒரு குண்டூசித் தலையைக் குத்திக் காட்டினேன். அப்புறம் அந்த அட்டைக்கு வகுப்பே வரிசை கட்டியது.

கடைசியில் கரும்பலகை. அதற்கு அட்டையும் கிடையாது, சணலும் கிடையாது. "இதையும் இதையும் பெருக்கு" என்றால் எதை எதை? கணக்கு சாரிடம், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். "நேரமாகுமே டீச்சர்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், ஆனாலும் சொல்லத் தொடங்கினார். அப்போதும் சிக்கல்: "இரண்டு பெருக்கல் எக்ஸ் கூட்டல் ஐந்து" என்றால் இரண்டு எதுவரை பெருக்கும் என்று காதுக்குத் தெரியாது. இப்போது அடைப்புக்குறியையும் சேர்த்தே சொல்கிறார். அவர் மறந்தால், "இன்னும் மூடல சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வருகிறது.