ஆபரேஷன் இடது பக்கம், வலி வலது பக்கம்

அண்ணனுக்கு இடது கிட்னியில் இருந்த கட்டியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாகக் கோவை போனது, டெஸ்ட், அட்மிஷன், கையெழுத்து எதிலும் சிக்கலில்லை. மூன்று மணி நேரம் என்ற ஆபரேஷன் ஏழரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் 104 கிலோ.

அன்று ராத்திரி வலது புட்டத்தில் உயிர் போகிற வலி. "சிஸ்டர், ஆபரேஷன் இடது பக்கமுங்க, வலிக்கிறது வலது பக்கம்" என்று மூன்று தடவை சொன்னேன். "ஒரே பக்கமா படுத்திருந்தாரில்ல, அப்படித்தான் இருக்கும்." சொன்னது சரிதான், காரணமே அதுதான். ஆனால் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

விடியும்போது யூரின் பையில் கட்டன் சாயா (பால் இல்லாத டீ) நிறம். கிட்னி ஆபரேஷன் என்றால் ரத்தம் கலந்து வரும் என்றார்கள். நல்லவேளை, டியூட்டிக்கு வந்த சின்ன வயது டாக்டர் வலிக்கிற புட்டத்தை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. யூரின் ஸ்ட்ரிப் டெஸ்ட்டில் ரத்தம் என்று காட்டுகிறது, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுவே இல்லை! உடனே தசை சிதைவைக் காட்டும் சி.கே. என்ற ரத்த டெஸ்ட்டுக்கு அனுப்பினார்: 31,000. சாதாரணமாக 200 பக்கம்தான் இருக்கும். உடம்பு கனத்தில் நசுங்கிய தசை சிதைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கிறதாம். பெயர் ராப்டோமயோலிசிஸ். சலைன் ஓடிக்கொண்டே இருந்தது. மணிக்கு மணி யூரின் அளவு, அடிக்கடி பொட்டாசியம் டெஸ்ட். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற கிரியேட்டினின் 3.4 வரை ஏறி இறங்கியது. டயாலிசிஸ் வரை போகாமல் மயிரிழையில் தப்பினார்.

அப்புறம்தான் கூத்து. ஐந்து நாள் என்ற அட்மிஷன் பதினொரு நாள் ஆனது ஏன் என்று இன்சூரன்ஸில் கேட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ராப்டோமயோலிசிஸ் என்ற பெயரே இல்லை, "நலமாக வீடு திரும்பினார்" அவ்வளவுதான். அதைத் திருத்தி வாங்க முதல் தடவை போனால் டாக்டர் லீவு. அடுத்த தடவை, அட்மிஷன் ஆனவரே நேரில் வரணும் என்றார் ரெக்கார்ட்ஸ் கிளார்க். நொண்டி நடக்கிற மனிதரை மறுபடி செக்போஸ்ட் தாண்டி இழுத்துப் போனேன். பில் கட்டுவதற்கு முன்பே சம்மரியை வரி வரியாகப் படித்துவிடுங்கள். சி.கே. ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் காப்பி வாங்குங்கள். நான் யூரின் பையைப் போட்டோ எடுத்திருந்தேன். டாக்டரிடம் அதைக் காட்டியபிறகு பேச்சே இல்லை, திருத்தி எழுதச் சொல்லிவிட்டார்.

டைப் அடிக்க உட்கார்ந்தவர் அந்தப் பெயருக்கு ஸ்பெல்லிங் என்னிடமே கேட்டார். பார்க்காமல் சொன்னேன்.