அந்தக் குழந்தைக்கு நான் சொன்ன பதில்

அந்தச் சிறுமி என்னிடம் கேட்டது தன்னைப் பற்றியல்ல, இறந்துபோன தன் தாயைப் பற்றி. சக ஆலோசகர்களிடம் இதைச் சொன்ன போதெல்லாம், குழந்தைக்கு அதன் எச்.ஐ.வி. நிலையைத் தெரிவித்தது சரியா என்ற கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி எனக்குக் குழப்பம் தருவதில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அவர்களது நிலையைச் சொல்லிவிட வேண்டும், அதற்கும் சிறியவர்களுக்கு வயதுக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. பாட்டி மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். "அம்மாவும் ராத்திரி இதே நேரத்துக்கு மாத்திரை போடுவாங்க. அதுவும் இதே மாத்திரையா அக்கா?" என்று கேட்டாள். "இதே மாதிரி மாத்திரைதான்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அம்மாவுக்கு வந்தது டி.பி. இல்லையா?" என்றாள். "டி.பி.யும் இருந்தது" என்றேன். பேச்சு அவ்வளவுதான்.

நான் சொன்ன இரண்டு பதில்களும் உண்மை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை உலகெங்கும் அதிகமாகப் பறிப்பது காசநோய்தான். நோய் எதிர்ப்பைத் தாங்கி நிற்கும் சிடி4 அணுக்கள் குறையக் குறைய, உடலுக்குள் அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி தலைதூக்குகிறது. அவளுடைய தாயும் அப்படித்தான் போனார். அவர் சிகிச்சைக்கு வந்தபோதே எய்ட்ஸ் என்று சொல்லப்படும் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தார். ஆகவே வீட்டார் ஊருக்குச் சொன்ன காரணத்தைப் பொய் என்று தள்ள முடியாது. அந்தக் குடும்பம் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியைத் தாங்கக்கூடிய அக்கம்பக்கத்தை யாரும் அவர்களுக்குத் தந்திருக்கவில்லை.

பாட்டி என்னிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் பெரியவளாகட்டும், நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் சத்து மாத்திரைன்னே இருக்கட்டும்." பெரும்பாலான பாட்டிகள் இதையேதான் சொல்கிறார்கள். எய்ட்ஸுக்குத் தாயையோ தந்தையையோ, இருவரையுமோ பறிகொடுத்த குழந்தைகள் உலகில் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் பலரை வளர்ப்பவர்கள் தங்கள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, எரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் முதியவர்கள். மருந்துப் புட்டியின் மேலிருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டு செல்கிறார்கள். அதை அறியாமை என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். தென்னாப்பிரிக்காவில் 1989-இல் எச்.ஐ.வி.யோடு பிறந்த நிகோசி ஜான்சனைப் பள்ளியில் சேர்க்கும்போது, அவனை வளர்த்த தாய் விண்ணப்பத்தில் உண்மையை எழுதினார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. போராடித்தான் இடம் கிடைத்தது. 2000-இல் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில் அந்தச் சிறுவன் பேசினான். அடுத்த ஆண்டு, பன்னிரண்டு வயதில் இறந்தான். உண்மை சொல்வதற்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அந்தப் பாட்டிக்கு யாரும் கற்றுத்தராமலே தெரிந்திருந்தது.

இருந்தும் நான் பதில் சொன்னேன். கூட்டு மருந்துகள் 1996 முதல் இந்த நோயின் முகத்தையே மாற்றிவிட்டன. தினமும் தவறாமல் மாத்திரை எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் வைரஸைக் கண்டறியவே முடியாத அளவுக்கு அடக்கிவிடலாம், அப்படி அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் இவை அனைத்தும் "தவறாமல்" என்பதைப் பொறுத்தவை. எதற்கென்று தெரியாத மாத்திரையை ஒரு குழந்தை பாட்டியின் சொல்லுக்காக விழுங்கும். பதின்வயதுப் பெண் விழுங்கமாட்டாள். விட்டு விட்டு எடுத்தால் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் வளர்ந்துவிடும். அதுவும் போக, அந்தக் கேள்வியைக் கேட்டபோதே அவளுக்கு விடை தெரிந்திருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால், நோயைப் பற்றிப் பேச அவளுக்கிருந்த ஒரே பெரியவரும் பொய் சொல்பவர் என்று ஆகியிருக்கும்.

இவ்வளவையும் எழுதியபின் மறுபக்கமும் எனக்குத் தெரிகிறது. அவளுடைய நிலை அவளுக்கு உரியது. அவள் தாயின் நிலை தாய்க்கு உரியது. அந்தத் தாயின் கோப்பும் எங்கள் மையத்தில்தான் இருந்தது. ரகசியம் காக்கப்படும் என்று சொல்லித்தான் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தோம். இறப்போடு அந்த வாக்குறுதி முடிந்துவிடுகிறதா? மகளுக்குத் தெரிவிக்க அவர் விரும்பியிருப்பார் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. மகளின் உடலுக்குள் இருப்பதே தாயிடமிருந்து வந்ததுதான், அதைப் பிரித்துச் சொல்லவே முடியாது என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது; ஆனால் இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்பதும் அதற்குத் துணையாக நிற்கிறது.

அடுத்த முறை பாட்டி தனியாக வந்தார். "என் பொண்ணு போன பிறகும் அவளை நாலு பேர் பேசணுமா?" என்று கேட்டார். பேத்தியின் மனம் உடைந்துவிடும் என்று அவர் பயப்படுவதாகவே அதுவரை நினைத்திருந்தேன். அவர் பயந்தது அடுத்து வரக்கூடிய கேள்விக்கு: அம்மாவுக்கு எப்படி வந்தது? தன் மகள் அந்தக் கேள்வியின்முன் குற்றவாளியாக நிறுத்தப்படுவதைத் தாங்க அவரால் முடியவில்லை. மற்ற எந்த நோயில் இறந்தவரிடமும் நாம் இந்தக் கணக்குக் கேட்பதில்லை. பேத்தியின் சிகிச்சையை வேறு மையத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டார், மாற்றிக் கொடுத்தோம். அப்போது அவளுடைய வைரஸ் அளவு கட்டுக்குள்தான் இருந்தது. அதற்கு என் பதிலும் காரணமா, பாட்டியின் கண்டிப்பு மட்டுமே காரணமா என்று பிரித்தறிய எனக்கு வழியில்லை.

இப்போதெல்லாம் ஒரு குழந்தை பதிவுக்கு வரும்போதே பொறுப்பாளரைத் தனியே உட்காரவைத்து, பெற்றோரின் இறப்புக்கு வீட்டில் என்ன காரணம் சொல்லியிருக்கிறீர்கள், குழந்தை கேட்டால் நான் எதுவரை சொல்லலாம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். புதிதாக வரும் ஆலோசகர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியும் என்னிடம் முன்பே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டேதான் நான் அன்று அந்தப் பதிலைச் சொன்னேன். அதே கேள்வி மறுபடி வந்தாலும் வேறு பதில் சொல்வேன் என்று எனக்குத் தோன்றவில்லை.