சேர் கட்டிய பள்ளியும் அக்னஸ் கேட்ட வாக்கும்

மேடைப் பேச்சு என்றால் எங்கள் காலத்தில் முதல் தலைப்பு இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் (Sir) பொன். இராமநாதன்தான். 1913 இல் யாழ்ப்பாணத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று இராமநாதன் கல்லூரியைத் தொடங்கியவர். விடுதியில் இருந்து படித்த எனக்கு அந்த நன்றி இன்றும் குறையவில்லை. ஆனால் அதே சேர், வயதுவந்த எல்லாருக்கும் வாக்கு என்ற சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர். பெண்களுக்கு வாக்கு என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாடு வந்த பிறகுதான் இதை வாசித்தேன். வாசித்த அன்று கொஞ்சம் கோபம்தான்.

சரி, வாக்கைக் கேட்டது யார்? அக்னஸ் டி சில்வா, கண்டியில் வாழ்ந்த, ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிப் பெண். 1927 டிசம்பரில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். இலங்கையின் அரசியல் யாப்பை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்களாம். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்றார் அக்னஸ். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காக அந்த இடத்தில் பேச எங்கள் தமிழ்ப் பெரியவர்களுக்கு வாய் வரவில்லை, அவருக்கு வந்தது. மலையகத்தில் ஹற்றன் பக்கம் மீனாட்சி அம்மாள் நடேசையரும் இதே வாக்குரிமைக்காக எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்.

ஆணைக்குழு முப்பது வயதுப் பெண்களுக்குத்தான் சிபாரிசு செய்தது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்று முடிந்து, 1931 இல் தேர்தல் நடந்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து வட கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்கு, அதாவது அன்றைய சட்டசபைக்கு, போனார். தோட்டப் பெண்களில் பெரும்பாலோரின் வாக்கை 1948, 49 ஆம் ஆண்டுச் சட்டங்கள் திரும்பப் பறித்தது வேறு கதை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் 1931 இல் வாக்குப் போடவே இல்லை. சுயராச்சியம் இல்லாத அரசியல் யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி. அம்மம்மாவிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால், “அது ஏன் உனக்கு” என்பா. பெட்டியின் நிறத்தைக்கூடச் சொன்னதில்லை.

1934 இல் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து சபைக்குப் போனவர் யார் தெரியுமோ? சேரின் மருமகன் நடேசன். மாமனார் வேண்டாம் என்ற அதே வாக்குரிமையில்தான்!