மக்வர்ட் எந்தக் கிரகத்துக்கு உரியது? விட்ச்கிராஃப்ட் நூல் தேடல், இதுவரை

ஒருவழியாக என் கிரிமோயரில், அதாவது மந்திரக் குறிப்பு நோட்டில், மக்வர்ட் என்ற மூலிகைக்கான வரி முடிந்தது! கிரகம், பயன், எந்த நூல், எந்த ஆண்டு என்று எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. இந்த ஒரு மூலிகையின் பின்னால் அலைந்ததில், புதிதாகத் தொடங்குபவர் எந்தப் புத்தகத்தை நம்பி வாங்கலாம் என்பதும் எனக்குத் தெளிவானது. மற்ற வரிகள் பாதியில் நிற்கின்றன. இருந்தாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வட்டம் அமைப்பது, நான்கு திசைகளை அழைப்பது, வளர்பிறைக்கு என்ன, தேய்பிறைக்கு என்ன என்பதெல்லாம் எல்லா அறிமுக நூல்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-இல் எழுதிய தனி ஆளுக்கான விக்கா (நவீன விட்ச்கிராஃப்ட் மதம்) கையேடு போதும். பாடம் பாடமாகப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதிப் பழக விரும்பினால் ரேமண்ட் பக்லண்டின் 1986 நூல். இரண்டில் ஒன்றை முழுதாக முடிப்பது, இரண்டையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட நல்லது.

என்னை உட்கார வைத்துவிட்டது கடைசியில் வரும் கரஸ்பாண்டன்ஸ் அட்டவணைதான். எந்த மூலிகை எந்தக் கிரகத்துக்கு என்ற அந்தப் பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். சடங்குக்கான நாள், மெழுகுவர்த்தியின் நிறம், தூபம் என மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. அதிலேயே நூலுக்கு நூல் முரண். மக்வர்ட்டைச் சந்திரனுக்குக் கொடுக்கும் புதிய பட்டியல்கள் ஏராளம். ஆனால் கன்னிங்ஹாமின் 1985 மூலிகைக் களஞ்சியம் சுக்கிரனுக்குக் கொடுக்கிறது. இன்னும் பின்னால் போய் ஆங்கிலேய மூலிகை வைத்தியர் நிக்கலஸ் கல்பெப்பரின் 1653 மூலிகை நூலைத் திறந்தால் அங்கும் சுக்கிரன்தான். அப்படியானால் சந்திரன் எங்கிருந்து நுழைந்தது?

என் முடிவு இது. அந்தச் செடியின் பேரினம் ஆர்டெமிசியா. கிரேக்க ஆர்டெமிஸோ காலப்போக்கில் நிலவோடு சேர்த்து வணங்கப்பட்ட தெய்வம். கனவுக்கும் குறி பார்ப்பதற்கும் மக்வர்ட்டைப் பயன்படுத்துகிறோம், அவையும் சந்திரனின் துறைகள். இரண்டும் சேர்ந்து பட்டியல் மாறியிருக்க வேண்டும். இது என் ஊகம் என்பதால் நோட்டிலும் ‘ஊகம்’ என்றே குறித்து, சுக்கிரனை மூல நூலின் பெயரோடு மேலே எழுதியிருக்கிறேன். கனவு வேலைக்குச் சந்திரனோடு சேர்த்துக்கொள்ள இது எனக்குத் தடையில்லை. எது பழையது, எது நேற்று வந்தது என்று தெரிந்துகொண்டு செய்வதில் தனி நிறைவு இருக்கிறது.

ரோஸ்மேரிதான் இன்னும் மசியவில்லை. கல்பெப்பர் சூரியனுக்குக் கொடுக்கிறார், கன்னிங்ஹாமும் அப்படியே. அதோடு விட்டிருந்தால் வரி முடிந்திருக்கும். ஆனால் 1533-இல் முழுதாக அச்சான, ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பா மந்திரவியல் பற்றி எழுதிய மூன்று நூல்களில், சந்திரனுக்குரிய செடிகளின் வரிசையில் ஈசோப்பு, ஆலிவ் மரம் ஆகியவற்றோடு ரோஸ்மேரியும் நிற்கிறது. நிலவோடு வளர்ந்து தேயும் செடி என்று ஒன்றுக்கு அங்கே காரணம் சொல்கிறார். ரோஸ்மேரிக்கு ஒரு காரணமும் இல்லை. அக்ரிப்பாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1651-இல் வந்தது, கல்பெப்பரின் நூல் வெளியானதும் அதே காலத்தில்தான். அடுத்தடுத்து வந்த இரண்டு புத்தகங்களில் ஒரே செடி நேரெதிர் கிரகங்களில். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். விடை கிடைக்கும்வரை விடமாட்டேன்.

இந்த அலைச்சலுக்குப் பிறகு எந்த அறிமுக நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் இரண்டு இடங்களைப் பார்க்கிறேன். ஒன்று, வரலாற்று அத்தியாயம். ஐரோப்பாவில் 90 லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டதாக எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுவேன். அது 18-ஆம் நூற்றாண்டில் ஃபாய்க்ட் என்ற ஜெர்மானியர் சிறு பகுதியின் கணக்கைப் பெருக்கிச் சொன்ன எண். இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். அதுவே போதுமான கொடுமை, பெருக்க வேண்டியதில்லை. சூனியக்காரிகள் எனப்பட்டவர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்றைப் பின்பற்றியவர்கள் என்று மார்கரெட் முர்ரே 1921-இல் முன்வைத்த ‘அறுபடாமல் வந்த பழைய மதம்’ என்ற கருத்தை இன்னும் உண்மையாகச் சொல்லும் நூலும் அதே வகை. விக்காவைத் தொடங்கிவைத்த ஜெரால்ட் கார்ட்னர் 1954-இல் எழுதிய நூலுக்கு முன்னுரை தந்தவர் முர்ரேதான் என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தக் கதை எப்படிப் பரவியது என்று புரிகிறது. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் 1999 ஆய்வு நூல் இதையெல்லாம் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது. நம் பாதை புதியது என்பதால் அதன் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, பின்சுட்டியில் பென்னிராயல் என்ற புதினா வகை மூலிகை. அதன் எண்ணெயிலுள்ள புலிகோன் என்ற வேதிப்பொருள் கல்லீரலை அழிக்கும், குடித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பென்னிராயலைப் பற்றி எழுதிவிட்டு இந்த எச்சரிக்கையைத் தராத நூல், மற்ற மூலிகைகளில் கவனமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

விற்பவர்கள் விஷயத்திலும் அதே எரிச்சல். உலர்மூலிகைப் பொட்டலத்தில் வெறும் ‘ஆர்டெமிசியா’ என்று அச்சிட்டு அனுப்புகிறார்கள். மக்வர்ட்டும் ஆர்டெமிசியா, வார்ம்வுட்டும் ஆர்டெமிசியா. கல்பெப்பர் வார்ம்வுட்டைச் செவ்வாய்க்குக் கொடுக்கிறார், அதில் துஜோன் என்ற நச்சுப்பொருளும் உண்டு. வல்காரிஸா (மக்வர்ட்) அப்சிந்தியமா (வார்ம்வுட்) என்று முழுத் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள், பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். பழைய நூல்களின் மலிவு மறுபதிப்புகளும் வேண்டாம். ஸ்கேன் பிழையோடு, படங்களும் ஓரக்குறிப்புகளும் இல்லாமல் வருகின்றன. கல்பெப்பர், அக்ரிப்பா இருவரும் காப்புரிமைக் காலம் கடந்தவர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய அச்சுப் பக்கங்களே இலவசமாக இருக்கின்றன. எழுத்துரு கண்ணுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

அட்டவணை முடியாமலே அடுத்த ஆசை வந்துவிட்டது: கிரக ஓரைக்கு ஒரு பத்தி. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும், எனவே பருவத்துக்குப் பருவம் ஓரையின் நீளம் மாறும். சனி, வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்ற வரிசையில் ஓரைகள் சுழல, 25-ஆவது ஓரை மறுநாளின் அதிபதியிடம் தானாகவே வந்து நிற்கிறது. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை. உதய நேரத்தைக் கொடுத்தால் கணக்கிட்டுத் தரும் விரிதாள் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். இரவு ஓரைகளுக்கான சூத்திரம் மட்டும் பாக்கி. அக்ரிப்பாவின் ரோஸ்மேரிக்குக் காரணம் எங்காவது படித்தவர்கள் இருந்தால், நூலின் பெயரோடு சொல்லுங்கள்.